நடுக்கடலுக்குப் போன மீன்குழம்பு

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு என் மகளின் படகு நின்றது. அந்த நேரம் நான் இலண்டனில், ரெய்னர்ஸ் லேனில் தமிழ்க் கடையொன்றின் மீன் பகுதியில் நின்றுகொண்டிருந்தேன். படகு நின்ற இடம் கிரேக்கத் தீவுகளுக்கு நடுவில். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது என் கையிலிருந்த போன் மட்டும்தான்.

அந்தப் போனில் கடலின் வரைபடம் ஒன்று திறந்திருந்தது. அதில் இருபதுக்கு மேற்பட்ட சின்ன முக்கோணங்கள். ஒவ்வொரு முக்கோணமும், தீவுக்குத் தீவு ஐந்து நாட்கள் ஓடும் ஒரு போட்டியில் சேர்ந்த பாய்மரப் படகு. படகுகளில் ஒரு கருவியைப் பூட்டிவிடுகிறார்கள். படகு எங்கே நிற்கிறது என்பதை அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை வானத்துக்குச் சொல்ல, வானம் அதை என் போனுக்குச் சொல்கிறது. செம்மஞ்சள் முக்கோணம் என் மகளுடையது. அதன்மேல் விரலை வைத்தால் வேகம் காட்டும். கடைக்குள் நுழையும்போது ஆறு என்று காட்டியது. பாரை மீனைத் தெரிவுசெய்யும்போது இரண்டு. நிறுத்துக் கொடுக்கும்போது பூச்சியம்.

“அண்ணை, குழம்புக்கு வெட்டுறதோ, பொரியலுக்கோ?” என்று கடைக்காரர் கேட்டார்.

“நிண்டிட்டுது,” என்றேன்.

“என்னது?”

“மகளின்ர போட்.”

அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “மற்றதெல்லாம் ஓடுதே.”

“அதைத்தானே நானும் சொல்லுறன்!”

“பெற்றோல் முடிஞ்சிருக்கும்.”

“பாயில ஓடுற போட் தம்பி அது. பெற்றோல் இல்லை.”

“அப்ப காத்து முடிஞ்சிருக்கும்,” என்றார் அவர், வெங்காயம் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல.

உண்மையில் நடந்தது அதுதான், கிட்ட இருந்த மலை காற்றை மறித்துவிட்டது என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் அந்த நேரம் அது எனக்கு ஒரு மோசமான பகிடியாகவே பட்டது. மற்றப் படகுகளெல்லாம் தீவுக்கு எட்டத் தள்ளி வளைந்து போய்க்கொண்டிருந்தன. என் மகளுடையது மட்டும் கரைக்குக் கிட்ட, ஒரு மலையின் அடியில், தனியாக நின்றது. பாறையில் மோதியிருக்கலாம். பாய் கிழிந்திருக்கலாம். யாராவது தண்ணீருக்குள் விழுந்திருக்கலாம். படத்தில் முக்கோணம் மட்டுந்தான் தெரிகிறது, மனிதர் தெரிவதில்லை.

மன்னாரில் பிறந்தவன் கடலுக்குப் பயப்படுவானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பயப்படுவான். எங்கள் குடும்பம் எல்லோருமாகக் கடலில் ஏறியது ஒரே ஒரு முறை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதன் பிறகு நான் இத்தாலி, பிரான்ஸ் என்று அலைந்து இலண்டனுக்கு வந்து, விட்ட படிப்பைத் தொடர்ந்து, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கோடையில் பிரைட்டனுக்குப் போனால்கூடக் கார் நிறுத்துமிடத்தில் இருந்தபடியே கடலைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். என் மனைவி பயமற்றவர். “நாங்கள் உயிர் தப்ப ஏறினம். அவள் விளையாட ஏறுறாள். இதுக்குப் பேர்தான் முன்னேற்றம்,” என்பார்.

மகள் படகு பழகியது கிங்ஸ்பரிக்குப் பக்கத்திலுள்ள நீர்த்தேக்கத்தில். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் போகும் பஸ் தெரியும். கவிழ்ந்தால் சேறு பூசிக்கொண்டு வரலாம். நீர்த்தேக்கத்திலிருந்து ஒரு பிள்ளை கடலுக்குப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போனாள். போனது எங்களுக்கு எப்போதும் பிறகுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, “போன கிழமை போட்டில பிரான்சுக்குப் போய் வந்தனாங்கள்,” என்பாள். நான் கையில் எடுத்த இடியப்பத்தைத் திரும்ப வைத்துவிடுவேன். போகுமுன் சொன்னால் நான் நித்திரை கொள்ளமாட்டேன் என்று அவள் தாயிடம் சொல்லியிருக்கிறாள். சரிதான். ஆனால் போய்வந்த பிறகு சொல்லப்படுகிற தகப்பனாக இருப்பது, நித்திரை இல்லாமல் இருப்பதைவிடக் கஷ்டமானது.

இந்த வருடம்தான் முதன்முறையாகப் போகுமுன் சொன்னாள். அவள் ஸ்கிப்பர், அதாவது படகின் தலைவி. அதுவும் முதன்முறை. கூட ஐந்து சிநேகிதர்கள். படகு வாடகைக்கு. என் போனை வாங்கி அந்த வரைபடத்தை அதில் ஏற்றித் தந்துவிட்டு, எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா, எவ்வளவும் பாருங்கோ. ஆனா கோல் பண்ணாதேங்கோ, நாங்கள் ஃபோன் எல்லாம் பெட்டிக்குள்ள போட்டிடுவம். யாரையும் அனுப்பக் கூடாது. நாங்கள் யாரிட்டயும் ஒண்டும் வாங்கேலாது. தண்ணி கூட. அது ரூல். ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

“சீரியஸ்லி, அப்பா. நீங்கள் இதைக் குழப்பினா நான் பழையபடி வந்தபிறகுதான் சொல்லுவன்.”

கைகொடுத்துச் சத்தியம் செய்தேன். இரண்டரை நாட்கள் அதைக் காப்பாற்றினேன். குளிக்கும்போது போனைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு பார்த்தேனே தவிர, யாரையும் கூப்பிடவில்லை.

கடைக்காரர் பாரிசிலிருந்து இலண்டனுக்கு வந்தவர். பாரிசுக்கு முன் இரண்டு வருடம் கிரீஸில் இருந்தவர். மகளின் போட்டியைப் பற்றி நான் அவருக்குப் பெருமையாகவும் பயமாகவும் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அப்போது அவர் என் போனில் தீவுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒன்றில் தன் பழைய அறைச் சிநேகிதர் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறார் என்றார். “இத்தனை தீவில ஒண்டிலயாவது தமிழன் இல்லாட்டி எங்களுக்கெல்லோ வெக்கம்,” என்றார். இப்போது போனைத் தன் பக்கம் திருப்பி, படத்தைப் பெரிதாக்கினார்.

“அண்ணை! இது என்ர சிநேகிதன் நிக்கிற தீவெல்லோ!”

அந்தத் தீவின் பெயரை நான் இங்கே எழுதினால் மகள் உச்சரிப்பைத் திருத்துவாள். விட்டுவிடுகிறேன். அன்றைய ஓட்டம் அந்தத் தீவைச் சுற்றிக்கொண்டு போய் அதன் துறைமுகத்தில் முடிவதாக இருந்தது. படகு நின்ற மலைக்கும் துறைமுகத்துக்கும் இடையில் அதிக தூரமில்லை.

“தம்பி, நான் ஒருத்தரையும் அனுப்பமாட்டனெண்டு சத்தியம் பண்ணிப் போட்டன்.”

“ஆர் அனுப்பச் சொன்னது? எட்டிப் பாக்கச் சொல்லுவம். எட்டிப் பாக்கிறது அனுப்புறதோ?”

பிள்ளைகளுக்குத் தர்க்கம் படிப்பிக்கிற எனக்கு, அந்த நேரம் அந்தத் தர்க்கத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

அவர் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு, மீன் நிறுக்கும் தராசுக்கு மேல் வைத்தார். எனக்குப் பின்னால் முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற ஒரு அம்மாவும் கிட்ட வந்து நின்றார். “பிள்ளைக்கு என்ன வயசு?” என்று என்னைக் கேட்டார். இருபத்தாறு என்றேன். “கலியாணம் முடிஞ்சுதோ?” என்றார். “அம்மா, பிள்ளை கடலுக்க நிக்குது,” என்றார் கடைக்காரர். “அதுதான் கேக்கிறன்,” என்றார் அந்த அம்மா.

சிநேகிதர் முதல் அடியிலேயே எடுத்தார். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். கடைக்காரர் விசயத்தைச் சொன்னார்.

“அந்த மலைக்குக் கீழயோ? அது கிட்டத்தான் மச்சான். எங்களுக்கு மீன் போடுற கிழவன்ர வள்ளம் நிக்குது, கேட்டுப் பாக்கிறன். தேப்பன் பக்கத்தில நிக்கிறாரோ?”

“நிக்கிறன் தம்பி.”

“அண்ணை, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. எங்கட பிள்ளை. நான் போய்ப் பாக்கிறன். எத்தினை பேர் போட்டில?”

“ஆறு பேர். எட்டிப் பாத்திட்டு எனக்கு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்.”

“ஆறு பேர். சரி, சரி.”

எட்டிப் பார்க்கப் போகிறவருக்குத் தலைக்கணக்கு எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. மீனையும் எடுக்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

வழியெல்லாம் அந்தோனியாரை மன்றாட முயன்றேன். ஆனால் அவர் காணாமல் போனதைத் தேடித் தருகிறவர். முக்கோணம் காணாமல் போகவில்லை, நிற்கிறது. நின்றதை நகர்த்தித் தருகிற புனிதர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லி வைத்தேன்.

என் மனைவிக்கு ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை. அன்று காலை ஷிப்ட். நான் வரும்போது அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பாறையில் மோதியது பற்றியும், பாய் கிழிந்தது பற்றியும் சொன்னேன். அவர் போனை வாங்கிப் பார்த்தார்.

“இதில பாறை எங்க கிடக்கு?”

“காட்டாது.”

“அப்ப மோதினது?”

“மோதியிருக்கலாம் எண்டு சொன்னன்.”

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். “இஞ்சேருங்கோ. அவள் என்ன சொன்னவள்? ஒருத்தரிட்டயும் ஒண்டும் வாங்கேலாது எண்டெல்லோ சொன்னவள்?”

“நான் ஒண்டும் குடுக்கச் சொல்லேல்லை. பாக்கத்தான் சொன்னனான்.”

“ஒரு தமிழ்ச் சமையல்காரன், தமிழ்ப் பிள்ளை ஒண்டு கடலுக்க நிக்குதெண்டு கேள்விப்பட்டு, வெறுங்கையோட போவானோ?”

நான் உட்கார்ந்தேன். எத்தனை பேர் என்று கடைக்காரரின் சிநேகிதர் கேட்டதும் இரண்டு முறை “சரி” என்றதும் அப்போதுதான் காதுக்குள் வந்தது.

“அவள் சும்மா சொல்லியிருப்பாள்,” என்றேன். “ஒண்டும் வேண்டாம் எண்டு எல்லாரும் சொல்லுறதுதானே.”

எங்கள் ஆட்களிடையே அப்படித்தான். வீட்டுக்கு வருகிறவர் “ஒண்டும் வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்” என்பார். நாங்கள் சோற்றுக்கோப்பை போடுவோம். பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறவர் “ஒண்டும் கொண்டு வராதேங்கோ” என்பார். நாங்கள் கேக்கும் பழமும் கொண்டு போவோம். கொண்டு போகாமல் விட்டால் அதைப் பத்து வருடம் ஞாபகம் வைத்திருப்பார்கள். மகள் ரூல் என்று சொன்னபோதும், ஏதோ ஒரு மூலையில் நான் அதை அந்த வகையில்தான் எடுத்திருந்தேன்.

“அவள் இஞ்ச பிறந்த பிள்ளை,” என்றார் மனைவி. “அவள் வேண்டாம் எண்டா வேண்டாம்.”

போட்டியின் இணையப் பக்கத்துக்குப் போய் விதிகளை வாசித்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தேன். ஓட்டத்தின்போது வெளியாள் எவரிடமிருந்தும் உதவி பெறக்கூடாது; பெற்றால் அந்தப் படகு போட்டியிலிருந்து நீக்கப்படலாம். உயிராபத்து என்றால் மட்டும் விலக்கு. பசி உயிராபத்து என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அந்த நிமிடத்திலிருந்து என் பயம் இடம் மாறியது. என் மகள் செத்துவிடுவாளோ என்று பயந்துகொண்டு இருந்தவன், இப்போது அவள் சாப்பிட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

கடைக்காரரிடம் சிநேகிதரின் இலக்கத்தை வாங்கி அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ முறை எடுத்தார். வள்ளத்தின் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

“அண்ணை! கண்டிட்டன்! வெள்ளைப் பாய், தொங்கிக்கொண்டு கிடக்கு! ஆறு பேரும் இருக்கினம்! உங்கட மகள் பின்னுக்கு நிக்கிறா, தொப்பி போட்டிருக்கிறா! நான் கை காட்ட அவவும் காட்டுறா!”

நான் படிக்கட்டில் போய் இருந்துவிட்டேன். என் மனைவி என் தோளைப் பிடித்தார். ஆறு பேரும் இருக்கிறார்கள். தொப்பி போட்டிருக்கிறாள். கடலில் நிற்கிற பிள்ளை தொப்பி போட்டிருக்கிறது என்று கேட்பதில் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பிறகுதான் நினைவு வந்தது. “தம்பி! தம்பி, கிட்டப் போகாதேங்கோ!”

“ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை! பெரிய சட்டி! சோறு, மீன்குழம்பு, கணவாய்ப் பொரியல். ஆறு பேருக்கும் தாராளமாய்...”

தொடர்பு அறுந்தது. அதன் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுபடவில்லை.

அன்று பின்னேரம் முழுவதும் அந்தச் செம்மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டு சமையலறையில் இருந்தோம். அது நின்ற இடத்திலேயே நின்றது. சட்டி இப்போது கைமாறியிருக்கும், இப்போது கோப்பைகள் எடுத்திருப்பார்கள், இப்போது அந்த ஐந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளும் உறைப்பில் மூக்கைச் சிந்துவார்கள் என்று நான் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்தேன். மனைவி வெங்காயம் வெட்டினார். எதற்கென்று நான் கேட்கவில்லை. மீன் கடையில் கிடந்தது.

ஏறக்குறைய ஐந்தரை மணிக்கு, அங்கே வெயில் சாய்கிற நேரம், வேகம் ஒன்று என்று காட்டியது. பிறகு இரண்டு. முக்கோணம் மலையடியிலிருந்து பிரிந்து மெதுவாக வடக்கே திரும்பியது. கடைசிப் படகாக, ஆனால் நேர எல்லைக்குள், துறைமுகத்துக்குள் போய்ச் சேர்ந்தது. நான் கைதட்டினேன். மனைவி தட்டவில்லை.

“வந்தது சரி. சாப்பிட்டவளோ இல்லையோ?”

கடையைப் பூட்டிவிட்டுக் கடைக்காரர் என் பாரை மீனோடு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே, “பாத்தீங்களோ அண்ணை, காத்துத்தான்,” என்றார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில், மீனைக் கொடுத்துவிட்டு ஒரு மூலைக் கதிரையில் இருந்தார். விதியைச் சொன்னோம். அவர் முகம் விழுந்தது.

“சரி, நடுக்கடலில ஆர் கண்டது? பிள்ளை சொல்லாமல் விட்டாச் சரிதானே?”

அந்த நேரத்தில்தான் அவரின் போன் அடித்தது. சிநேகிதர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“மச்சான், என்னை விசாரணைக்குக் கூப்பிடுகினம்.”

“என்ன விசாரணை?”

“தெரியேல்லை. உந்தப் போட்டி நடத்துறவை. நாலு பேர் மேசை போட்டு இருக்கினம். என்ர பேப்பர் எல்லாம் சரிதானே மச்சான். பத்து வருசமாச்சு. ஏன் என்னைக் கூப்பிடுகினம்?”

கடைக்காரர் குரலை இறக்கினார். தானும் அப்படியான மேசைகளுக்கு முன்னால் இருந்தவர். “பயப்பிடாத. இது அகதி விசாரணை இல்லை. சாப்பாட்டு விசாரணை.”

சிநேகிதர் அங்கே கண்டதைச் சொல்லச் சொல்லத்தான் எங்களுக்கு விளங்கியது. துறைமுகத்தில் படகைக் கட்டிய கையோடு, யாரும் கேட்காமலேயே, என் மகள் நடத்துநர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்: என் அப்பா ஒரு ஆளை அனுப்பினவர், அவர் எங்களுக்கு உணவு கொண்டு வந்தவர். எங்கள் குடும்பத்தில் எவரும், எந்த நாட்டிலும், எந்த அதிகாரியிடமும் தானாகப் போய் எதையும் சொன்னதில்லை. நான் மனைவியைப் பார்த்தேன். அவர் மீனைக் கழுவப் போய்விட்டார்; முதுகு மட்டும் தெரிந்தது.

“தம்பி,” என்றேன் போனில், “நீங்கள் என்ன குடுத்தனீங்கள்?”

“எங்க அண்ணை குடுக்க விட்டது? ‘அண்ணா, ப்ளீஸ், கிட்ட வராதேங்கோ, எடுத்தா நாங்கள் அவுட்’ எண்டு பிள்ளை கத்துது. நான் மூண்டு முறை கேட்டன். மற்ற அஞ்சு பேரும் சட்டியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை. ரெண்டு நாளாய்ச் சாப்பாடு பாணும் சீசுமாம். நான் தள்ளிப் போய் நிண்டனான், காத்து வரும்வரைக்கும். விட்டிட்டு வர மனமில்லை.”

“கடவுளே. அப்ப அதை அப்பிடியே சொல்லுங்கோ. ஒண்டும் குடுக்கேல்லை எண்டு.”

அந்தப் பக்கம் அவர் போனைக் கையால் பொத்தி யாருக்கோ கிரேக்க மொழியில் ஏதோ சொல்வது கேட்டது.

“என்ன தம்பி?”

“அதெப்பிடி அண்ணை சொல்லுறது? இஞ்ச என்ர முதலாளி நிக்கிறார், முதலாளியின்ர மனிசி நிக்கிறா, மீன்காரர் எல்லாரும் நிக்கினம். எங்கட பிள்ளை பசியோட நிண்டது, நான் போய் ஒண்டும் குடுக்காமல் வந்தன் எண்டு ஊருக்கு முன்னால சொல்லுறதோ? கொஞ்சமாவது குடுத்தன் எண்டு சொன்னா என்ன? ஒரு துண்டுக் கணவாய்?”

“ஐயோ, வேண்டாம்!” என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். மனைவி கையில் மீனோடு ஓடி வந்திருந்தார்.

“தம்பி, கெஞ்சிக் கேக்கிறன். ஒரு துண்டு எண்டு சொன்னாலும் பிள்ளையின்ர போட்டி முடிஞ்சுது.”

“பாக்கிறன் அண்ணை. கூப்பிடுகினம்.”

வைத்துவிட்டார். அதன் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. கடைக்காரர் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஓட்டம் தொடங்கும் நேரம் வரைக்கும் நான் வரைபடத்தைத் திறக்கவில்லை. மனைவிதான் திறந்தார். பார்த்துவிட்டுப் போனை என் முன்னால் மேசையில் வைத்தார். முக்கோணங்கள் எல்லாம் துறைமுக வாசலில் கூட்டமாக நின்றன. எண்ணத் தேவையில்லை; செம்மஞ்சள் நடுவிலேயே நின்றது. வேகம் நாலு. பிறகு ஐந்து. எல்லாவற்றோடும் சேர்ந்து அது வெளியே போனது.

மத்தியானம் சிநேகிதர் எனக்குப் போன் எடுத்தார். இப்போது அவர் குரலில் ஒரு தேர்தலில் வென்றவரின் சந்தோஷம்.

“என்ன குடுத்தனீர் எண்டு கேட்டவை அண்ணை. பிள்ளையைப் பாத்தன். அது என்னைப் பாக்காமல் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டுது. சரியெண்டு சொல்லிப் போட்டன்: ஒண்டும் குடுக்கேல்லை. நான் சமைச்சதை மூண்டு முறை வேண்டாமெண்டு சொன்ன முதல் ஆள் இந்தப் பிள்ளைதான், இந்த அவமானத்தை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன் எண்டு. கிரேக்க பாசையிலதான் சொன்னனான். முதலாளியம்மா அழுதிட்டா. மேசையில இருந்த ஒருத்தரும் மூக்கைத் துடைச்சவர்.”

“பிறகு?”

“பிறகென்ன, வாங்கேல்லை, அப்ப பிழையில்லை எண்டிட்டினம். அடுத்த முறை அப்பாவைக் கட்டிப் போடச் சொன்னவையாம். முடிஞ்ச உடன நான் சட்டியை மேசையில வைச்சன். கரைக்கு வந்த பிறகு ரூல் இல்லைத்தானே? விசாரிச்சவையும் சாப்பிட்டவை. உங்கட பிள்ளை ரெண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டது. அதைப் பாக்க எனக்கு எல்லாம் சரி.”

அவருக்கு எப்படி நன்றி சொன்னேன் என்று நினைவில்லை. உங்களுக்கு என்ன அனுப்பட்டும் என்று கேட்டேன். “ஒண்டும் வேண்டாம் அண்ணை,” என்றார். கடைக்காரரிடம் சொல்லி மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

மகள் எங்களுக்குப் போன் எடுக்கவில்லை. அன்றும் இல்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை தாய்க்கு மட்டும் ஒரு செய்தி வந்தது: போட்டி முடிந்தது, கடைசியிலிருந்து மூன்றாவது, ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வருவேன். அதில் என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனைவி அதை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு நானாகவும் வாங்கி வாசித்தேன். ஏதாவது தவறவிட்டிருப்பார் என்று.

அவள் கோபிக்கலாம். கத்தலாம். அதற்கு நான் ஆயத்தமாக இருந்தேன். எனக்கிருந்த பயம் வேறு. இனி ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டு, போய்வந்த ஒரு கடலைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்வாள். நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதை எழுதும்போதும் எனக்கு அந்த நடுக்கம் முற்றாகப் போகவில்லை. போன கிழமை ஒரு மேசைவிளக்கு ஓடர் பண்ணியிருந்தோம். அதைக் கொண்டுவரும் வான் எங்கே நிற்கிறது என்று போனில் படம் காட்டியது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அந்த வான் அசையாமல் நின்றபோது, நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டேன். சாரதி வானுக்குள் இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு வந்தது. மனைவி எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார்: நீங்களாக வாயைத் திறக்கக்கூடாது. கதவு திறந்தது. மூக்கு உரிந்து, உதடு வெடித்து, தலைமயிர் வைக்கோல் மாதிரி நிற்க, மகள் பெரிய பையைத் தோளிலிருந்து இறக்கி வாசலில் போட்டாள். தாயைக் கட்டிப்பிடித்தாள். தண்ணீர் குடித்தாள். என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். மேசையில் இருந்து, தாய் போட்ட சோற்றைக் குழைத்து நாலைந்து வாய் சாப்பிட்டாள். நான் எதிர்க் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு அவள் விரலை நக்கிக்கொண்டே நிமிர்ந்தாள்.

“அப்பா, நெக்ஸ்ட் இயர் ஜூன்ல நாங்கள் ஸ்கொட்லாந்துக்கு மேல, ஓர்க்னித் தீவுகளுக்குப் போறம். பத்து நாள். அங்க உங்களுக்கு ஆரையாவது தெரியுமெண்டா இப்பவே சொல்லிப் போடுங்கோ.”